காய்ச்சலின் எத்தனையாவது நாள்? உண்ணிவழிக் காய்ச்சல்களுக்கான ஆய்வகப் பரிசோதனை: முழுமையான வழிகாட்டி

பேச்சிப்பாறை, கீரிப்பாறை, காளிகேசம் போன்ற மலையடிவாரப் பகுதிகளிலிருந்து வரும் காய்ச்சல் நோயாளிகளின் சீட்டில் ‘உண்ணிக் காய்ச்சல் டெஸ்ட்’ என்று மட்டும் எழுதியிருப்பதை, கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆய்வக நுட்பராகப் பணிபுரியும் நான் அடிக்கடி காண்கிறேன். அந்தச் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் குழாயில் இரத்தம் எடுப்பது என்பதைக்கூட முடிவு செய்ய இயலாது. தமிழ்ச் செய்தித்தாள்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைஃபஸ் நோயைத்தான். அதைப் பரப்புவதோ உண்ணியே அன்று. புதரிலும் புல்லிலும் வாழும் ஒருவகைச் சிலந்திப்பேனின் இளம்பருவம், கண்ணுக்கு எளிதில் புலப்படாத அளவில் ஆடைக்குள் ஏறிக் கடித்து, ஓரியன்ஷியா சுட்சுகமுஷி என்னும் பாக்டீரியாவை உடலுக்குள் செலுத்துகிறது.

நாயின் காதிலும் மாட்டின் மடியிலும் உப்பிப்போய் ஒட்டிக் கிடக்கிறதே, அந்த உண்மையான உண்ணி பரப்பும் நோய் வேறு. நம் நாட்டில் அதில் முதன்மையானது இந்திய உண்ணி டைஃபஸ் எனப்படும் புள்ளிக் காய்ச்சல். ரிக்கெட்சியா கொனோரி என்னும் பாக்டீரியாவின் இந்திய உட்பிரிவு அதற்குக் காரணம். வீட்டுச் சுவர் விரிசலிலும் நாய்க்கூட்டின் மூலையிலும் குடியிருக்கும் பழுப்பு நாய் உண்ணி அதைச் சுமக்கிறது.

இரண்டுக்கும் டாக்சிசைக்ளின்தானே மருந்து, பிரித்துப் பார்ப்பதால் என்ன பயன் என்று சிலர் கேட்பதுண்டு. பயன் இருக்கிறது. ஸ்க்ரப் டைஃபஸுக்கான எலைசா (இரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை) ‘நெகட்டிவ்’ என்று வந்ததும் ‘உண்ணிக் காய்ச்சல் இல்லை’ என்று முடிவுகட்டி மருந்தை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பரிசோதனை புள்ளிக் காய்ச்சலைத் தேடவே இல்லை என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. எனவே எந்தப் பூச்சி, எந்த நாள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகே ஊசியைக் கையில் எடுக்க வேண்டும்.

படி 1: நாளைச் சரியாக எண்ணுதல்

காய்ச்சல் தொடங்கிய நாளை முதல் நாளாகக் கொண்டு எண்ண வேண்டும். பரிசோதனைகளின் தேர்வு முழுவதும் இந்த எண்ணைப் பொறுத்தே அமைகிறது. நோய்க்கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை முதல் வாரத்தில்தான் நன்றாகப் பயன்தரும். உடல் உண்டாக்கும் ஐஜிஎம் எதிர்ப்பொருளைத் தேடும் எலைசா சோதனை முதல் வாரத்தின் முடிவுக்குப் பிறகே நம்பகமாகிறது. மூன்றாம் நாளில் எலைசா செய்து ‘நெகட்டிவ்’ என்று எழுதிக் கொடுப்பது, விதை போட்ட மறுநாளே முளைக்கவில்லை என்று சொல்வதற்கு ஒப்பானது.

நாளைக் கேட்டு வாங்குவதிலும் ஒரு பழக்கம் வேண்டும். விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் காய்ச்சலைப் பனி என்று சொல்பவர்கள் பலர். ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி ஒருவரை அவருடைய மனைவி அழைத்து வந்திருந்தார். “அக்கா, அண்ணனுக்கு என்னைக்குப் பனி தொடங்கிச்சு?” என்று கேட்டேன். “நாலஞ்சு நாளாச்சு” என்றார். அந்த விடையை அப்படியே எழுதிக்கொள்ளாமல், மழையால் வெட்டு இல்லாமல் வீட்டில் இருந்த நாள் எது, அன்றைக்கு அவர் எப்படி இருந்தார் என்று மறுபடியும் விசாரித்தேன். அன்று காலையிலேயே குளிருகிறது என்று போர்த்திக்கொண்டு படுத்தவர்தான் என்பது அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது. கணக்குப் பார்த்தால் அது எட்டாம் நாள். ‘நாலஞ்சு’ என்பது எட்டாக மாறியதும் செய்ய வேண்டிய சோதனையும் மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வழிபாடு, சந்தை நாள், வெட்டு நின்ற நாள் என ஏதேனும் ஒன்றோடு பொருத்திக் கேட்டால் தேதி பெரும்பாலும் கிடைத்துவிடும்.

அதனுடன் மேலும் சில விவரங்களைச் சீட்டிலேயே எழுதிவிட வேண்டும். கடந்த மூன்று வாரங்களில் தோட்டத்திலோ காட்டிலோ வேலை செய்தாரா, வீட்டில் நாய், ஆடு, மாடு உண்டா, உடலிலிருந்து உண்ணியைப் பிடுங்கிய நினைவு உண்டா, வெளிமாநிலக் காட்டுப் பகுதிக்குப் போய்த் திரும்பினாரா, ஏற்கெனவே எந்த ஆன்டிபயாட்டிக் எத்தனை நாள் சாப்பிட்டார் என்பவை அவை. கடைசிக் கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். முன்கூட்டியே உட்கொண்ட மருந்து இரத்தத்தில் கிருமியைக் குறைத்து பி.சி.ஆர். முடிவைக் கெடுக்கும்; எதிர்ப்பொருள் உருவாவதையும் தாமதப்படுத்தக்கூடும்.

படி 2: ஆடையை விலக்கி உடலைப் பார்த்தல்

இது மருத்துவரின் வேலை என்று ஆய்வகத்தார் ஒதுங்கிக்கொள்வது எனக்கு உடன்பாடானதன்று. ஏனெனில் உடலில் இருக்கும் ஒரு சிறு அடையாளம், எல்லா இயந்திரங்களையும்விட விரைவாக விடை சொல்லிவிடக்கூடும்.

ஸ்க்ரப் டைஃபஸில் பூச்சி கடித்த இடத்தில் கரும்பொருக்கு ஒன்று உண்டாகும். மருத்துவர்கள் இதை எஸ்கார் என்பார்கள். பீடி நெருப்பு பட்டுக் கருகியது போன்ற கறுத்த நடுப்பகுதியும் அதைச் சுற்றிச் சிவந்த விளிம்பும் கொண்டது அது. வலிக்காது, அரிக்காது, ஆகவே நோயாளியே அதை அறிந்திருக்கமாட்டார். அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடிப்பகுதி, தொப்புள், காதின் பின்புறம், உடை இறுக்கும் இடுப்புப் பகுதி ஆகியவற்றில் தேட வேண்டும். கருத்த தோலில் குழல்விளக்கு வெளிச்சம் மட்டும் போதாது, கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன தொழிலாளிக்கு லுங்கி முடிச்சுக்குச் சற்று கீழே, மிளகளவில், அது இருந்தது. அவரும் அவருடைய மனைவியும் அதை ஒட்டுப்பால் படிந்த கறை என்றே எண்ணியிருந்தார்கள். பெண் நோயாளியாக இருந்தால் பெண் செவிலியர் தனியிடத்தில் பார்ப்பதே முறை. கூச்சத்தின் காரணமாகத் தவறிப்போகும் கரும்பொருக்குகள் அவர்களிடம்தான் அதிகம்.

இந்திய உண்ணி டைஃபஸில் கரும்பொருக்கு அவ்வளவு அடிக்கடி தென்படுவதில்லை. கை, கால்களில் தொடங்கி உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவும் சிவந்த புள்ளிகளே அதன் முக்கிய அடையாளம். நோய் முற்றினால் அவை கருஞ்சிவப்புத் திட்டுகளாகும். டெங்குவிலும் தடிப்பு உண்டு என்பதால், உள்ளங்கையையும் உள்ளங்காலையும் திருப்பிப் பார்ப்பதைக் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டும்.

உடலில் உண்ணி ஒட்டியிருந்தால், நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டியபடி அதன் தலைப்பகுதியைப் பிடித்து, திருகாமல், நேராக மெல்ல இழுத்து எடுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் தீக்குச்சியால் சுடுவதும் கைவிட வேண்டிய பழக்கங்கள். எடுத்த உண்ணியை 70 சதவீத ஆல்கஹாலில் இட்டு வைத்தால் இனம் காண உதவும். ஆயினும் அதைச் சோதித்த முடிவு வரும்வரை சிகிச்சைக்குக் காத்திருப்பதில் பொருளில்லை.

படி 3: அடிப்படை இரத்தச் சோதனைகள்

இரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை, கல்லீரல் நொதிகள், கிரியேட்டினின், சோடியம் ஆகிய நான்கும் எந்தச் சிறு ஊரிலும் செய்யக்கூடியவை. தட்டணுக்கள் குறைந்து, ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. நொதிகள் மிதமாக உயர்ந்து, சோடியம் சற்றே தாழ்ந்திருந்தால் ரிக்கெட்சியா வகைக் காய்ச்சலை (ஸ்க்ரப் டைஃபஸும் புள்ளிக் காய்ச்சலும் இவ்வகையே) நினைத்துப் பார்க்க வேண்டும். இவை நோயை உறுதிசெய்யமாட்டா. டெங்குவிலும் எலிக் காய்ச்சலிலும் இதே மாற்றங்கள் வரும். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. ஆகவே மூன்றும் ஒரே மாதத்தில் ஒரே வார்டில் இருக்கக்கூடும். காய்ச்சலின் முதல் ஐந்து நாட்களுக்குள் டெங்கு என்.எஸ்.1 சோதனையையும் மலேரியா இரத்தப்பூச்சையும் சேர்த்தே செய்துவிடுவது நல்லது.

சாதாரண இரத்தக் கல்ச்சரில் ரிக்கெட்சியாவும் ஓரியன்ஷியாவும் வளரமாட்டா, ஏனெனில் உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும் இயல்பு அவற்றுக்கு. கல்ச்சர் நெகட்டிவ் என்பதால் கிருமித்தொற்றே இல்லை என்று கொள்ளக்கூடாது. ஒரேயொரு விடால் சோதனையில் கிடைத்த குறைந்த டைட்டரை (எதிர்ப்பொருளின் அளவைக் காட்டும் நீர்த்தல் எண்) பிடித்துக்கொண்டு டைஃபாய்டு என்று பத்து நாள் மருத்துவம் பார்க்கும் வழக்கத்தைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

படி 4: மாதிரி எடுத்தல்

இரண்டு குழாய்கள் வேண்டும். எதிர்ப்பொருள் சோதனைக்கு, உறைவெதிர்ப்பொருள் சேர்க்காத சிவப்பு மூடிக் குழாயில் 3 முதல் 5 மில்லிலிட்டர். பி.சி.ஆர். சோதனைக்கு ஈ.டி.டி.ஏ. கலந்த ஊதா மூடிக் குழாயில் அதே அளவு. ஹெப்பாரின் கலந்த பச்சை மூடிக் குழாயை பி.சி.ஆருக்குப் பயன்படுத்தலாகாது, அது வினையையே தடுத்துவிடும்.

கரும்பொருக்கு இருந்தால் அதைத் தவறவிடக்கூடாது. இரத்தத்தில் இருப்பதைவிடக் கிருமி அங்கே செறிந்திருக்கும். ஆன்டிபயாட்டிக் தொடங்கிச் சில நாட்கள் ஆன பிறகும் அதில் பி.சி.ஆர். பாசிட்டிவாக வர வாய்ப்புண்டு. பொருக்கின் விளிம்பை உப்புநீரில் நனைத்த பஞ்சால் இளக்கி, கிருமிநீக்கிய இடுக்கியால் உரித்து, கிருமிநீக்கிய உலர்ந்த குப்பியில் இட வேண்டும். ஃபார்மலினில் போடுவது கூடவே கூடாது. திசு ஆய்வுக்கு அனுப்பிப் பழகியவர்கள் கை தன்னால் ஃபார்மலின் புட்டியை நோக்கிப் போகும். அது மரபணுவைச் சிதைத்து மாதிரியைப் பயனற்றதாக்கிவிடும்.

மாதிரி எடுப்பதற்காக மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம். முதல் டாக்சிசைக்ளினுக்கு முன்பே இரத்தம் எடுத்துவிட்டால் சிறப்பு. எடுக்க முடியாத நிலையில் மருந்து முதலில் போகட்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையும் 2015இல் வெளியிட்ட ரிக்கெட்சியா நோய் வழிகாட்டுதலும், ஆய்வக முடிவுக்காகச் சிகிச்சையைத் தாமதிக்கக்கூடாது என்றே சொல்கிறது.

மலையடிவார மருந்தகங்களிலிருந்து மாதிரி நாகர்கோவிலுக்கோ ஆசாரிப்பள்ளத்துக்கோ வர நேரமாகும். சிவப்பு மூடிக் குழாயை அறை வெப்பத்தில் அரைமணி நேரம் நிமிர்த்தி வைத்து, உறைந்தபின் சுழற்றுக் கருவியில் பத்து நிமிடம் சுழற்றி, சீரத்தைப் பிரித்து, 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் அனுப்ப வேண்டும். பிரிக்காத முழு இரத்தத்தை உறைய விடக்கூடாது. நான் பணியில் சேர்ந்த புதிதில், தெர்மோகோல் பெட்டிக்குள் குழாயைப் பனிக்கட்டியோடு ஒட்டவைத்து அனுப்பினேன். போய்ச் சேர்ந்தபோது சிவப்பணுக்கள் உடைந்து சீரம் முழுவதும் செந்நிறமாகியிருந்தது. மறுநாள் அந்த நோயாளியிடமிருந்து மீண்டும் இரத்தம் எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குள் அவர் நான்கு வேளை மருந்து உட்கொண்டிருந்தார். பனிக்கட்டிக்கும் குழாய்க்கும் இடையே நான்காக மடித்த துணியோ நாளிதழோ இருக்க வேண்டும் என்பதை அதன்பின் நான் மறந்ததில்லை.

படி 5: சோதனையைத் தேர்ந்தெடுத்தல்

வெயில்-ஃபெலிக்ஸ் சோதனை 1916இல் எட்மண்ட் வெயில், ஆர்தர் ஃபெலிக்ஸ் ஆகிய இருவர் விவரித்தது. நூறாண்டு கடந்தும் சிறு ஆய்வகங்களில் அது உயிரோடு இருப்பதற்கு அதன் மலிவுதான் காரணம். ரிக்கெட்சியாவுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள், புரோட்டியஸ் என்னும் தொடர்பே இல்லாத பாக்டீரியாவின் சில வகைகளையும் திரளச் செய்கிறது என்ற தற்செயலான ஒற்றுமையே அதன் அடிப்படை. அந்தப் புரோட்டியஸ் வகைகளில் ஓ.எக்ஸ்.கே. மட்டும் உயர்ந்தால் ஸ்க்ரப் டைஃபஸ், ஓ.எக்ஸ்.19, ஓ.எக்ஸ்.2 இரண்டும் உயர்ந்தால் புள்ளிக் காய்ச்சல்; ஓ.எக்ஸ்.19 மட்டும் மிகுந்து உயர்ந்தால் எலித்தெள்ளு பரப்பும் டைஃபஸ் என்று பொதுவாகக் கொள்வார்கள். பல உண்மை நோயாளிகளை இச்சோதனை தவறவிடுகிறது. புரோட்டியஸால் சிறுநீர்த் தொற்று உள்ளவரையும் சில சமயம் நோயாளியாகக் காட்டிவிடுகிறது. 2015 வழிகாட்டுதல் 1:80 அல்லது அதற்கு மேற்பட்ட டைட்டரை நோய் இருக்கக்கூடும் என்ற நிலைக்குக் கொள்கிறது. வேறு வசதியே இல்லாத இடத்தில் இதைச் செய்யலாம். ஆனால் நெகட்டிவ் முடிவை நம்பி எதையும் விலக்கக் கூடாது என்பது என் கருத்து.

ஐஜிஎம் எலைசாவே இன்று நடைமுறைக்கு ஏற்றது. ஸ்க்ரப் டைஃபஸுக்கு ஒரு கிட், புள்ளிக் காய்ச்சல் குழுவுக்கு வேறொரு கிட் என இரண்டும் தனித்தனி; சீட்டில் எது வேண்டும் என்று பெயரிட்டுக் கேட்க வேண்டும். ஐயமிருந்தால் இரண்டையும் கேட்கலாம். முடிவு ஒளியடர்த்தி எண்ணாக வரும். மேற்சொன்ன வழிகாட்டுதல் 0.5க்கு மேற்பட்டதைப் பாசிட்டிவாகக் கொள்கிறது. எனினும் அந்தந்தப் பகுதியின் மக்களிடம் இயல்பாக உள்ள அளவைப் பார்த்து எல்லையை வகுத்துக்கொள்வதே சரி.

கர்ப்பச் சோதனைப் பட்டைபோல் கோடு காட்டும் விரைவுச் சோதனைகள் கால்மணி நேரத்தில் விடை தரும். மங்கலான கோட்டைப் படிப்பதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு வருவது அவற்றின் குறை.

ஐ.எஃப்.ஏ. எனப்படும் ஒளிர்வு எதிர்ப்பொருள் சோதனையே உரைகல்லாகக் கருதப்படுகிறது. அதற்கு ஒளிர்வு நுண்ணோக்கியும் பயின்ற கண்ணும் வேண்டும் என்பதால் பெரிய மையங்களில்தான் நடக்கும். பி.சி.ஆரில் ஸ்க்ரப் டைஃபஸுக்கு 56 கிலோடால்டன் புரத மரபணுவையும், புள்ளிக் காய்ச்சலுக்கு 17 கிலோடால்டன் புரத மரபணு, ஜி.எல்.டி.ஏ., ஓ.எம்.பி.ஏ. போன்ற மரபணுக்களையும் தேடுவார்கள். பாசிட்டிவ் வந்தால் நோய் உறுதி. இரத்தத்தில் நெகட்டிவ் வந்தால் அது நோயை விலக்காது, ஏனெனில் கிருமி இரத்தத்தில் சில நாட்களே, அதுவும் சொற்பமாகவே இருக்கும்.

நம் தொழிலாளிக்கு எட்டாம் நாள் என்பதால் இரண்டு எலைசாக்களும், கரும்பொருக்குக்கு பி.சி.ஆரும் எழுதப்பட்டன.

பயணம் செய்தவர்களுக்கு மட்டும்

கியாசனூர் வனநோய், அதாவது குரங்குக் காய்ச்சல், 1957இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்துக் காட்டில் கண்டறியப்பட்ட வைரஸ் நோய். ஹீமாஃபைசாலிஸ் இன உண்ணி அதைப் பரப்புகிறது. கேரளத்தின் வயநாட்டிலும் அது மனிதர்களைத் தாக்கியிருக்கிறது. குமரியிலிருந்து பால் வெட்டுக்கும் தோட்ட வேலைக்கும் அப்பக்கம் போய், டிசம்பர் முதல் மே வரையுள்ள வறண்ட மாதங்களில் காய்ச்சலோடு திரும்புகிறவர்களிடம், குரங்குகள் செத்துக் கிடந்த காட்டில் வேலை செய்தீர்களா என்று கேட்க வேண்டும். ஆம் என்றால் முதல் வாரத்தில் பி.சி.ஆர்., அதன்பின் ஐஜிஎம் எலைசா. இது உயர்பாதுகாப்பு வசதியுள்ள ஆய்வகத்தில் மட்டுமே கையாள வேண்டிய வைரஸ். ஆகவே மாதிரியை மூன்றடுக்கு உறையிலிட்டு, மாவட்டப் பொதுச் சுகாதார அலுவலர் வழியாகவே அனுப்ப வேண்டும். டாக்சிசைக்ளின் இதற்குப் பயன்படாது.

லைம் நோயைப் பற்றி வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து லைம் என்ற ஊரின் பெயரால் வழங்குவது அது. அங்கிருந்து வந்தவருக்கு, கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாக விரியும் சிவப்புத் தடிப்பு இருந்தால் பரிசோதனையின்றியே சிகிச்சை தொடங்குவார்கள். தடிப்பு இல்லாதபோதுதான் எலைசாவும் அதைத் தொடர்ந்து இரண்டாவது உறுதிச் சோதனையும் செய்யப்படும். நாகர்கோவிலை விட்டு அகலாதவருக்கு, மூட்டுவலிக்காக மட்டும், லைம் சோதனை செய்வது பொய்ப் பாசிட்டிவைத் தேடிப் போவதாகும்.

படி 6: முடிவைப் படித்தல்

எண்ணை நாளோடு சேர்த்தே படிக்க வேண்டும். நான்காம் நாள் நெகட்டிவ் என்றால் ‘இன்னும் தெரியவில்லை’ என்று பொருள். பத்தாம் நாள் நெகட்டிவ் என்றால் வேறு நோயைத் தேட வேண்டும் என்று பொருள். பாசிட்டிவிலும் எச்சரிக்கை தேவை. ஐஜிஎம் பல மாதங்கள் இரத்தத்தில் தங்கக்கூடியது. ஆகவே ஆண்டுதோறும் தோட்டத்தில் வேலை செய்பவரிடம் காணப்படும் குறைந்த அளவு ஐஜிஎம், போன மழைக்காலத்துத் தொற்றின் எச்சமாகவும் இருக்கலாம். புள்ளிக் காய்ச்சல் குழுவைச் சேர்ந்த ரிக்கெட்சியாக்கள் ஒன்றையொன்று ஒத்து வினைபுரிவதால், எலைசாவைக் கொண்டு குழுவைச் சொல்லலாம், இனத்தைச் சொல்ல முடியாது.

மருந்துக்கு உடல் தரும் விடையும் ஒருவகைச் சோதனைதான். டாக்சிசைக்ளின் தொடங்கி 48 முதல் 72 மணி நேரத்துக்குள் காய்ச்சல் தணிவது ரிக்கெட்சியா நோய்களின் வழக்கம். தணியவில்லையென்றால் எலிக் காய்ச்சல், மலேரியா, வைரஸ் நோய்கள், இரண்டு நோய்கள் சேர்ந்த நிலை ஆகியவற்றை மருத்துவர் மறுபடியும் எண்ணிப் பார்ப்பார்.

படி 7: இரண்டாவது மாதிரி

முதல் மாதிரிக்கு 2 முதல் 4 வாரம் கழித்து எடுக்கும் இரண்டாவது சீரத்தில் ஐ.எஃப்.ஏ. டைட்டர் நான்கு மடங்கு உயர்ந்திருந்தால், எடுத்துக்காட்டாக 1:64 என்பது 1:256 ஆகியிருந்தால், நோய் ஐயமின்றி உறுதியாகிறது. இரண்டு சீரங்களையும் ஒரே நாளில், ஒரே தகட்டில், அருகருகே வைத்துச் சோதிக்க வேண்டும். அதனால் முதல் சீரத்தின் ஒரு பகுதியை மைனஸ் 20 பாகையில் எடுத்து வைத்திருக்க வேண்டும். காய்ச்சல் விட்டவர் ஒரு நாள் கூலியை இழந்து இரண்டு பேருந்து மாறி இதற்காக வருவது அரிது என்பதால், இந்தப் படி பெரும்பாலும் ஏட்டோடு நின்றுவிடுகிறது.

அந்தத் தொழிலாளியின் முதல் எலைசா 0.54 என்று எல்லைக்கோட்டை ஒட்டியே நின்றது, பொருக்கின் பி.சி.ஆர். முடிவோ வர நாளாயிற்று. மருந்து தொடங்கிய மூன்றாம் நாளே அவருக்குக் காய்ச்சல் தணிந்துவிட்டது. மூன்று வாரம் கழித்து, மழை பெய்து வெட்டு இல்லாத ஒரு காலையில், அவர் தானாகவே வந்து கையை நீட்டினார். பழைய சீரத்தோடு சேர்த்து மறுபடி ஓட்டியபோது பழையது 0.57, புதியது 2.31. இதற்கிடையே வந்திருந்த பி.சி.ஆர். முடிவும் ஸ்க்ரப் டைஃபஸ் என்றே இருந்தது. அவருடைய சீட்டில் முதலில் எழுதியிருந்த ‘உண்ணிக் காய்ச்சல்’ என்ற சொல்லை அடித்துவிட்டு நோயின் பெயரையும், பக்கத்தில் ‘எட்டாம் நாள், இருபத்தொன்பதாம் நாள்’ என்று மாதிரி எடுத்த இரு நாட்களையும் எழுதிக் கொடுத்தேன்.